பழைய ஹாலிவுட் இசைப்படங்களை மறுபடி பார்ப்பது எப்படி? பாட்டைப் படத்துக்குள் வைத்துக் கேட்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' பற்றி இரண்டு பேரைப் பேசவிட்டுப் பாருங்கள். மலையும் குழந்தைகளும் பாட்டுமாக மனதைக் குளிர்விக்கும் படம் என்பார் ஒருவர். நாஜிகளுக்குப் பணிய மறுத்து நாட்டைவிட்டே வெளியேறிய குடும்பத்தின் கதை என்பார் மற்றவர். மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தால், திகட்டும் அளவுக்கு இனிப்பு என்று முகம் சுளிப்பார். படம் வெளிவந்த 1965-லேயே இந்தப் பிளவு தொடங்கிவிட்டது. சிறந்த படத்துக்கானது உட்பட 5 ஆஸ்கர் விருதுகளை அது வென்றது. ஆனால் அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் அதை ஈவிரக்கமின்றிக் கிழித்தார்.

மூவரும் பார்த்தது ஒரே படம்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? ரசனை, வயது, அரசியல் என்று காரணங்களை அடுக்கலாம். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இசைப்படங்களுக்கு மட்டும் உரிய ஒரு காரணம் இருக்கிறது. அவற்றின் பாட்டுகள் படத்தைவிட்டு வெளியேறித் தனியே வாழத் தொடங்கிவிடுகின்றன. இசைத்தட்டில், வானொலியில், விளம்பரத்தில், பள்ளி விழாவில் அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, படம் சொன்னதை மறந்து பாட்டு சொல்வதையே படம் என்று நாம் நம்பிவிடுகிறோம். பழைய இசைப்படத்தைத் திரும்பப் பார்ப்பதன் பெரும் பயன், பாட்டை அது பிறந்த காட்சிக்குள் மறுபடி கொண்டுபோய் வைப்பது. அதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: பார்ப்பதற்கு முன் நினைவை எழுதிவையுங்கள்

ஏற்கெனவே பார்த்த படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில், அந்தப் படத்தைப் பற்றி நினைவில் நிற்பதையெல்லாம் எழுதுங்கள். கதை எப்படி முடிகிறது, எந்தப் பாட்டு எங்கே வருகிறது, யார் பாடுகிறார்கள், யார் மேல் உங்களுக்குக் கோபம் வந்தது, எல்லாம் எழுதலாம். எதையும் தேடிச் சரிபார்க்காதீர்கள். தப்பாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். அந்தத் தப்புதான் பின்னால் உதவும்.

'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தை வைத்து இதைச் செய்தால், பலருடைய தாளில் திருமணத்துக்குப் பிறகு வரும் பகுதி சில வரிகளாகச் சுருங்கியிருக்கும். ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனி இணைத்துக்கொள்வது, குடும்பத்தின் தந்தையைக் கடற்படைப் பணிக்கு வரச் சொல்லும் உத்தரவு, மடத்தில் ஒளிந்துகொள்வது எல்லாம் மங்கலாகவே நினைவிருக்கும். அந்த மங்கலைக் குறித்துவையுங்கள்.

படத்தை இதுவரை பார்க்கவில்லை, பாட்டு மட்டும் தெரியும் என்றால் இன்னும் நல்லது. பாட்டைக் கேட்டு அது என்ன சூழலில் வரும் என்று ஊகித்து எழுதுங்கள்.

படி 2: எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு பேர் ஒரு படத்தை வேறு வேறு விதமாகப் புரிந்துகொண்டதற்கு, அவர்கள் உண்மையிலேயே வேறு வேறு படத்தைப் பார்த்ததும் காரணமாக இருக்கலாம்.

ஜெர்மனியில் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' வெளியானபோது, மியூனிக்கில் திருமணக் காட்சியோடு படத்தை முடித்துவிட்டார்கள். நாஜிகள் வரும் கடைசிப் பகுதி முழுவதும் வெட்டுப்பட்டது. தயாரிப்பு நிறுவனம் தலையிட்ட பிறகே அது திரும்பச் சேர்ந்தது. அந்த வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்தவருக்கு அது காதல் கதைதான். அவரோடு வாதிட்டுப் பயனில்லை.

எம்.ஜி.எம். நிறுவனத்தின் 1940-களின் படங்களில் லீனா ஹோர்ன் பாடிய காட்சிகளின் கதை இன்னும் கசப்பானது. அவர் கறுப்பினப் பாடகி. கதையோடு பிணைக்காமல் தனித்து நிற்கும்படி அவருடைய பாட்டுகளைப் பல படங்களில் அமைத்தார்கள். அமெரிக்கத் தென்மாநிலத் திரையரங்குகள் கறுப்பினக் கலைஞரைத் திரையில் காட்ட மறுத்தால் கத்தரித்து எடுக்க வசதியாக இருக்கட்டும் என்பதே காரணம். வெட்டியபின் கதையில் ஓட்டை விழாது. அவர் பாடும் காட்சியை இன்று பார்க்கும்போது, பக்கத்தில் பேச ஒருவரும் இல்லாமல், தூணோடோ திரையோடோ அவர் தனியாக ஏன் நிற்கிறார் என்பதற்கு அதுதான் விடை.

1939-இல் வந்த 'த விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் கான்சஸ் பண்ணை பழுப்பு நிறத்தில் இருக்கும். பண்ணைச் சிறுமி டோரதி கதவைத் திறந்ததும் கனவு உலகமான ஆஸ் டெக்னிகலர் வண்ணத்தில் விரியும். 1956-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது முதன்முறை ஒளிபரப்பானபோது பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. அந்த வீடுகளில் வளர்ந்த குழந்தைகளுக்குக் கதவு திறந்தும் நிறம் வரவில்லை. வீட்டுக்கும் கனவுக்கும் உள்ள தூரத்தை நிறத்தால் சொன்ன படம் அது. நிறம் போனபோது அந்த வாதத்தில் பாதியும் போய்விட்டது.

ஆகவே மூன்று விஷயங்களைப் பாருங்கள். படத்தின் ஓட்டநேரம் மூலப்படத்தின் நேரத்தோடு ஒத்துப்போகிறதா? அகலத்திரைப் படமாக இருந்தால் முழு அகலமும் தெரிகிறதா? பாட்டு வரிகளுக்கும் சப்டைட்டில் இருக்கிறதா? இரண்டாவதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' (1954) படத்தில் களஞ்சியம் கட்டும் நாளில் நடக்கும் ஆட்டத்தில், சகோதரர்களும் ஊர் இளைஞர்களும் ஒரே சட்டகத்தில் போட்டி போடுவார்கள். ஓரத்தை வெட்டிவிட்டால் போட்டியில் ஒரு பக்கமே காணாமல் போகும். மூன்றாவதும் முக்கியம்தான். வசனத்துக்குச் சப்டைட்டில் கொடுத்து, பாட்டு வந்ததும் விட்டுவிடும் பிரதிகள் உண்டு. இசைப்படத்தில் கதை திரும்பும் இடமே பாட்டுதான் என்பதால் அத்தகைய பிரதியை ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள்

குறிப்பு எடுக்க வேண்டாம், கைப்பேசியைத் தொட வேண்டாம், எந்தக் கட்டுரையையும் முன்கூட்டியே படிக்க வேண்டாம். முக்கியமாக, மெதுவாகப் போகிறது என்று தோன்றினாலும் பாட்டை ஓட்டிவிடாதீர்கள். எங்கே சலித்தது, எங்கே கண் கலங்கியது என்பதைப் படம் முடிந்ததும் இரண்டு வரியில் எழுதினால் போதும்.

படி 4: இரண்டாம் தடவை, பாட்டுக்கு ஒரு பக்கம்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படிதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பாட்டு தொடங்குவதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, யார் பாடுகிறார், யாருக்காகப் பாடுகிறார், காட்சியில் இருந்தும் பாடாமல் இருப்பவர் யார், பாட்டு முடிந்தவுடன் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். பாட்டின் வரிகளை அலசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பாட்டு எதைப் பற்றியது என்று வரி சொல்லும். அதை நம்பலாமா என்று காட்சிதான் சொல்லும்.

'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' படத்தின் முதல் பாட்டை எடுத்துக்கொள்வோம். கஷ்டகாலம் தீர்ந்தது, கையில் பணம் வந்துவிட்டது என்று ஜிஞ்சர் ரோஜர்ஸ் பாடுவார். அவரும் கூட ஆடும் பெண்களும் பெரிய பெரிய நாணயங்களையே உடையாக அணிந்திருப்பார்கள். அந்தப் பாட்டு பிற்பாடு எத்தனையோ இடங்களில் செல்வச் செழிப்பின் கொண்டாட்டமாக ஒலித்திருக்கிறது. படத்தில் அதன் கதி வேறு. அது மேடை ஒத்திகை. பாதியில் ஷெரீஃபின் ஆட்கள் உள்ளே நுழைகிறார்கள். தயாரிப்பாளர் கடனைக் கட்டவில்லை. மேடைப் பொருள்களோடு அந்தப் பெண்களின் உடைகளையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். நாடகம் அரங்கேறும் முன்பே மூடப்படுகிறது, ஆடிய பெண்களுக்கு வேலை போகிறது. பாட்டை மட்டும் கேட்டவர் பணத்தின் மகிழ்ச்சியைக் கேட்டார். காட்சியோடு பார்த்தவர் பொருளாதார மந்தத்தைப் பார்த்தார்.

அதே படத்தின் கடைசிப் பாட்டையும் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். முதல் உலகப் போரில் சண்டையிட்டுவிட்டு இப்போது கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் ஆண்களைப் பற்றி ஜோன் பிளாண்டெல் பாடுவார். 1932-இல் வாக்குக் கொடுத்த ஊக்கத்தொகையைக் கேட்டு வாஷிங்டனில் திரண்ட முன்னாள் படைவீரர்களை ராணுவத்தை ஏவிக் கலைத்திருந்தார்கள். அந்த ரணம் ஆறுமுன்னர் வந்த படம் இது. பஸ்பி பெர்க்லியின் நடன அமைப்பு என்றால் மேலிருந்து பார்த்த கால்களும் பூ வடிவங்களும் என்றுதான் பலருக்கு நினைவு. அவரே இப்படி ஒரு முடிவையும் அமைத்திருக்கிறார் என்பது முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படும்.

பாடாமல் இருப்பவரைப் பாருங்கள் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு பாப் ஃபாஸி இயக்கிய 'கேபரே' (1972) போல வேறு பாடம் இல்லை. கதை 1931 பெர்லின். ஏறக்குறைய எல்லாப் பாட்டும் இரவு விடுதி மேடையில்தான் நடக்கும். ஒன்றே ஒன்று வெளியே, வெயில் அடிக்கும் ஒரு பீர் தோட்டத்தில். ஓர் இளைஞனின் முகம் மட்டும் திரையை நிரப்புகிறது. குரல் இனிமை, முகமும் அப்படியே. கேமரா மெதுவாகக் கீழே இறங்கும்போது அவன் கையில் ஸ்வஸ்திகாப் பட்டை தெரிகிறது. சுற்றியிருக்கும் மக்கள் ஒவ்வொருவராக எழுந்து சேர்ந்து பாடுகிறார்கள். மெட்டு முறுக்கேறுகிறது. அத்தனை பேருக்கு நடுவே ஒரு கிழவர் மட்டும் எழுந்திருக்காமல், தலையில் தொப்பியுடன், களைத்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வசனம் கிடையாது, பெயரும் கிடையாது. நாஜிகளைப் பிறகு நாம் கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்று முன்பு பேசிய பணக்கார நண்பனிடம், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறாயா என்று காட்சி முடிகையில் கதாநாயகன் கேட்கிறான். நண்பன் தோளைக் குலுக்குவதோடு சரி.

இந்தப் பாட்டு ஒரிஜினல் நாஜிப் பாட்டு என்று நம்பியவர்கள் உண்டு. 1960-களில் ஜான் கேண்டரும் ஃபிரெட் எப்பும் மேடை நாடகத்துக்காக எழுதியது அது, இருவரும் யூதர்கள். பிற்காலத்தில் வெள்ளை இனவெறிக் கும்பல்களே அதை எடுத்துப் பாடியிருக்கின்றன. காட்சியைக் கழற்றிவிட்டால் மெட்டின் கவர்ச்சி மட்டும் மிஞ்சும். அந்தக் கவர்ச்சி எவ்வளவு ஆபத்தானது என்று காட்டுவதற்காகவே அது எழுதப்பட்டிருந்தது. பாட்டைப் படத்துக்குள் வையுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இதே முறையில் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் எடல்வைஸ் பாட்டைப் பாருங்கள். ஆஸ்திரிய நாட்டுப்புறப் பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1959-இன் மேடை நாடகத்துக்காக ரிச்சர்ட் ரோஜர்ஸ் இசையில் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன் எழுதியது. அவர் கடைசியாக எழுதிய பாட்டும் அதுதான். படத்தில் இரண்டு முறை வருகிறது. முதல் முறை வீட்டில், கிதாரோடு, குழந்தைகளுக்காக. இரண்டாம் முறை சால்ஸ்பர்க் இசைவிழா மேடையில், நாஜி அதிகாரிகள் முன்வரிசையில் இருக்க. அங்கே தந்தையின் குரல் உடைகிறது. மனைவி வந்து சேர்ந்துகொள்கிறாள், பிறகு அரங்கமே பாடுகிறது. வரிகள் மாறவில்லை. முதலில் தாலாட்டாக இருந்தது இப்போது நாட்டை இழந்தவர்களின் பாட்டாகிவிட்டது.

படி 5: மூன்று காலங்களைப் பிரித்துப் பாருங்கள்

கதை நடக்கும் ஆண்டு, படம் வந்த ஆண்டு, நீங்கள் பார்க்கும் ஆண்டு. நடுவில் இருப்பதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' படத்தின் கதை 1903-04-இல் நடக்கிறது. படம் வந்தது 1944 நவம்பரில். அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் ஊரைவிட்டுப் போகவேண்டிய நிலை. அழும் தங்கையிடம் ஜூடி கார்லண்ட் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடுகிறார். விதி அனுமதித்தால் மறுபடி எல்லோரும் ஒன்று சேர்வோம், அதுவரை எப்படியாவது சமாளிப்போம் என்பது அதன் சாரம். மகனையோ கணவனையோ போர்முனைக்கு அனுப்பிவிட்டுத் திரையரங்கில் உட்கார்ந்திருந்த 1944-இன் பெண்ணுக்கு அந்த வரி எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள். 1957-இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்காக அந்த வரியை மாற்றினார்கள். சமாளிப்போம் என்ற இடத்தில், மரத்தின் உச்சியில் நட்சத்திரம் தொங்கவிடும் வரி வந்தது. இன்று பலர் அறிந்திருப்பது அந்த மகிழ்ச்சியான வடிவத்தைத்தான். படத்தில் பாட்டு முடிந்ததும், அந்தச் சிறுமி இரவு உடையோடு பனியில் ஓடித் தான் செய்த பனிப்பொம்மைகளை எல்லாம் அடித்து நொறுக்குவாள். இனிமையான குடும்பப் படம் என்று பெயர்பெற்ற ஒன்றில் இவ்வளவு ஆத்திரம் இருக்கிறது.

தணிக்கையும் இந்தப் படியில் சேரும். 1934 முதல் ஹாலிவுட்டில் தயாரிப்பு விதித்தொகுப்பு கறாராக அமலானது. 1968-இல் வயதுவாரித் தரப்பிரிப்பு வரும்வரை அதன் பிடி இருந்தது, கடைசி ஆண்டுகளில் தளர்ந்தது. பேசமுடியாததை ஆடிக் காட்டினார்கள். அந்தக் காலப் படத்தில் ஒரு ஜோடி நீண்ட நேரம் ஆடினால், கதை நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் ஆடத் தொடங்கும்போது அவள் விலகிப் போவதையும், முடியும்போது அவள் நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 6: மூலத்தோடு ஒப்பிடுங்கள், ஆனால் தீர்ப்புக்காக வேண்டாம்

பெரும்பாலான இசைப்படங்கள் நாவலிலிருந்தோ மேடையிலிருந்தோ வந்தவை. எதைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்று பார்த்தால், முதல் விளக்கவுரையை எழுதியவர்கள் படம் எடுத்தவர்கள்தான் என்று தெரியும்.

'மை ஃபேர் லேடி' (1964) முடிவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. மொழியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ், பூ விற்கும் எலைசாவைச் சீமாட்டியாகப் பேசப் பழக்குகிறார். கடைசியில் அவள் அவரைவிட்டுப் போகிறாள். பிறகு? பெர்னார்ட் ஷாவின் மூல நாடகத்தில் அவள் திரும்பி வருவதில்லை. 1914 லண்டன் மேடையில், ஹிக்கின்ஸாக நடித்தவர் முடிவில் எலைசாவை நோக்கிப் பூங்கொத்தை எறிந்து காதல்போலக் காட்டினார். ஷாவுக்குக் கோபம் தாளவில்லை. எலைசா இளைஞன் ஃபிரெடியைத்தான் மணப்பாள் என்று 1916-இல் ஒரு நீண்ட பின்னுரையே எழுதிவைத்தார். ஆனாலும் இசைப்படத்தில் எலைசா திரும்பி வருகிறாள்.

எப்படி வருகிறாள் என்பதைக் கவனியுங்கள். இருட்டிய படிப்பறையில், அவளுடைய பழைய குரலின் பதிவைத் தனியே போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் ஹிக்கின்ஸ். அவள் சத்தமில்லாமல் உள்ளே வந்து கருவியை நிறுத்துகிறாள். அடுத்த வரியை, தெருவில் பேசிய அந்தப் பழைய உச்சரிப்பிலேயே தானே சொல்கிறாள். அவர் திரும்பி ஓடி வரவில்லை. தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, என் செருப்பு எங்கே என்று கேட்கிறார். முத்தம் கிடையாது; ஒருவரை ஒருவர் தொடுவதுகூட இல்லை. அவள் அடங்கிவிட்டாள் என்று ஒருவர் சொல்லலாம். இப்போது கருவியின் விசை அவள் கையில் இருக்கிறது, பழைய குரலை வேண்டுமென்றே எடுத்து விளையாடுகிறாள் என்று இன்னொருவர் சொல்லலாம். எனக்கு இரண்டாவது வாசிப்பின் மேல் ஆசை இருக்கிறது. ஆனால் செருப்பைக் கேட்டபின் படம் முடிந்துவிடுகிறதே, அவள் எடுத்துக் கொடுத்தாளா இல்லையா என்று காட்டவில்லையே என்பது என்னை நிறுத்துகிறது. 2018-இன் நியூயார்க் மேடையேற்றத்தில் எலைசா அவரைத் தாண்டி வெளியே நடந்துபோகும்படி முடித்தார்கள். வசனத்தை மாற்றாமலே நடிப்பால் முடிவை மாற்ற முடிந்தது.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் அமெரிக்காவைப் பற்றிய பாட்டு இன்னொரு உதாரணம். 1957 மேடையில் அது பெண்களுக்குள் நடக்கும் வாதம். ஒருத்தி சொந்தத் தீவான பியூர்ட்டோ ரிக்கோவுக்கு ஏங்குவாள், அனிட்டா கேலி செய்வாள். 1961 படத்தில் மொட்டை மாடியில் ஆண்களும் பெண்களும் எதிரெதிரே நின்று பாடுகிறார்கள். வெள்ளையர் நாட்டில் வெளியார் படும் அவமானத்தை ஆண்கள் எடுத்துச் சொல்ல, பாட்டின் கூர் திரும்பிவிடுகிறது. 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' போன திசை இதற்கு நேர்மாறு. நாஜிகளோடு ஒத்துப்போனால் என்ன என்று, தந்தை மணக்கவிருந்த சீமாட்டியும் குடும்ப நண்பர் மாக்ஸும் வாதிடும் பாட்டொன்று மேடையில் இருந்தது. படத்தில் அதை எடுத்துவிட்டார்கள். படம் அரசியலற்ற இனிப்பு என்று சொல்பவரின் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அது.

படி 7: குரல் யாருடையது?

'சிங்கிங் இன் த ரெயின்' (1952) படத்தின் கதையே குரல் திருட்டுதான். பேசும்படம் வந்த காலம். நட்சத்திர நடிகை லீனாவின் குரல் கேட்கச் சகிக்காது. புதுமுகம் கேத்தி மறைவில் நின்று அவளுக்காகப் பேசுகிறாள், பாடுகிறாள். கடைசியில் திரையை விலக்கி உண்மையை அம்பலப்படுத்துகிறார்கள். திரைக்குப் பின்னால் நடந்ததையும் கேளுங்கள். கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸ் லீனாவுக்காகப் பாடுவதாகக் காட்டும் பாட்டைப் பாடியவர் பெட்டி நாய்ஸ். லீனாவுக்காகக் கேத்தி வசனம் பேசும் காட்சியில் ஒலிக்கும் கண்ணியமான குரல், லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! குரலுக்கு உரியவருக்குப் பெயர் கிடைக்கவேண்டும் என்று வாதிடும் படத்திலேயே இது நடந்திருக்கிறது.

'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட், 'த கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெர் ஆகியோருக்காகப் பாடியவர் ஒரே ஒருவர், மார்னி நிக்சன். அவர் முகத்தைப் பார்க்க விரும்பினால் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் கன்னியாஸ்திரீகளில் ஒருவராக வருவார், தேடுங்கள். இது தெரிந்தபின் பாட்டின் மேல் உள்ள அன்பு குறையவேண்டியதில்லை. ஆனால் ஒரு நடிகையின் நடிப்பை மெச்சும்போது எந்தப் பாதி யாருடையது என்று சொல்லக் கற்றுக்கொள்வோம்.

படி 8: உறுத்தும் இடத்தில் நில்லுங்கள்

பழைய இசைப்படங்களில் இன்று பார்க்கக் கூசும் காட்சிகள் நிறைய. 'ஸ்விங் டைம்' (1936) படத்தில் ஃபிரெட் அஸ்டேர் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடுவார். மாபெரும் கறுப்பினக் கலைஞர் பில் ராபின்சனுக்குச் செலுத்தும் மரியாதை என்ற பெயரில். ஆட்டம் அற்புதம், கரி அவமானம். இரண்டும் ஒரே காட்சியில் இருக்கின்றன. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் உண்மையான பியூர்ட்டோ ரிக்கோக்காரரான ரீட்டா மொரேனோவுக்கே முகத்தில் பழுப்பு மேக்கப் பூசினார்கள். தாய்லாந்தில் 'த கிங் அண்ட் ஐ' தடைசெய்யப்பட்ட படம்; தங்கள் மன்னரைக் கோமாளியாகக் காட்டியதாக அவர்கள் பார்க்கிறார்கள்.

அந்தக் காலம் அப்படி என்று தள்ளிவிடுவதும் தவறு, படத்தையே தூக்கி எறிவதும் அவசரம். படம் அந்த உறுத்தலை அறிந்திருக்கிறதா என்று பாருங்கள். 'செவன் பிரைட்ஸ்' படத்தில், பழங்கால ரோமானியர் பெண்களைத் தூக்கிச் சென்ற கதையைக் கேட்டுவிட்டுச் சகோதரர்கள் ஊர்ப் பெண்களைக் கடத்திவருகிறார்கள். அது குறும்பாகவே காட்டப்படுகிறது. அண்ணி மில்லி மட்டும் கொதித்துப்போய் ஆண்களை எல்லாம் வீட்டைவிட்டுத் துரத்துகிறாள். அவள் கோபம் படத்தின் மனசாட்சி. பிறகு கடத்தப்பட்ட பெண்களே போக மாட்டோம் என்று சொல்லும் முடிவில், அந்த மனசாட்சியைப் படமே மழுப்பிவிடுகிறது. நடனத்துக்காக அந்தப் படத்தை நான் விரும்புகிறேன். அந்த முடிவை ஏற்க என்னால் முடியாது.

படி 9: மற்றவர்களோடு பேசும்போது

ஊடகங்களை ஆராய்ந்த ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் ஒரு பயனுள்ள பிரிப்பைச் சொன்னார். ஒரு படைப்பு சொல்வதை அப்படியே ஏற்பவர் உண்டு; எதிர்நிலையில் நின்று படிப்பவர் உண்டு; இரண்டுக்கும் நடுவில், ஒன்றை ஏற்று ஒன்றை மறுத்துப் பேரம்பேசுபவர்களும் உண்டு. நண்பரோடு விவாதிக்கும்போது அவர் எந்த நிலையில் நிற்கிறார் என்று முதலில் கேளுங்கள். படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நீங்கள் நினைப்பவர், நன்றாகப் புரிந்துகொண்டே மறுப்பவராக இருக்கலாம்.

கூட்டாகப் பார்த்துப் பேசும்போது ஒரு விதி போதும்: கருத்துச் சொல்பவர் காட்சியைக் காட்டவேண்டும். "அவள் அடிமைப்பட்டுவிட்டாள்" என்றால், எந்த ஷாட்டில்? யார் சட்டகத்தின் நடுவில் இருந்தார்? அதற்கு முன் எந்தப் பாட்டு? இந்தக் கேள்விகளுக்கு ஆள் ஆளுக்கு விடை தேடினாலே பாதிச் சண்டை தீரும். மீதிச் சண்டை தீராது. அது நியாயமானதும்கூட.

படி 10: உங்கள் வாசிப்பை எழுதி, அதற்கு எதிரியையும் தேடுங்கள்

படி 1-இல் எழுதிய தாளை இப்போது எடுத்து, நோட்டோடு ஒப்பிடுங்கள். எது மாறியது என்று பாருங்கள். பிறகு ஒரு பத்தியில் உங்கள் முடிவை எழுதுங்கள். அதன் கீழே, அந்த முடிவுக்கு ஒத்துவராத ஒரு காட்சியைக் கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள். அப்படி ஒரு காட்சியும் அகப்படவில்லை என்றால் மறுபடி படத்தைப் பாருங்கள்.

பயிற்சிக்கு 'த விசார்ட் ஆஃப் ஆஸ்' நல்ல படம். வீட்டைப்போல வேறு இடமில்லை என்று டோரதி சொல்லி முடிக்கிறாள். பலருக்கு அது ஆறுதல். சல்மான் ருஷ்டி 1992-இல் அந்தப் படத்தைப் பற்றி எழுதியபோது, வண்ண உலகத்தைக் கண்டுவிட்டு வந்த பெண் பழுப்புப் பண்ணையே சிறந்தது என்று சொல்வதை ஏற்க மறுத்தார். ஃபிராங்க் பாமின் 1900 நாவலில் ஆஸ் கனவே அல்ல, உண்மையான நாடு. பின்னால் வந்த நாவலொன்றில் டோரதி தன் சித்தப்பாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு அங்கேயே குடியேறிவிடுகிறாள். படத்துக்குள்ளேயே சாட்சி தேடுகிறீர்களா? வானவில்லுக்கு அப்பால் போகத் துடிக்கும் அந்தப் பாட்டு, பழுப்பு நிறக் கான்சஸில், பண்ணை முற்றத்தில், யாரும் அவள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்காத நேரத்தில் வருகிறது. திரும்பி வந்தபின் அந்தப் பாட்டு அவள் வாயில் வருவதில்லை. அது நிறைவா, இழப்பா என்று உங்கள் பக்கத்தில் எழுதுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933', அடுத்து 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்', பிறகு 'சிங்கிங் இன் த ரெயின்', அதன்பின் 'மை ஃபேர் லேடி'. 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தையும் 'கேபரே'யையும் அடுத்தடுத்த நாள்களில் பாருங்கள். இரண்டிலும் நாஜிகள் வருகிறார்கள், இரண்டிலும் ஒரு கூட்டமே சேர்ந்து பாடுகிறது. அந்த இரண்டு பாட்டுகளுக்கும் நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களை ஒதுக்கிவிடுங்கள்.